காரணமின்றி உலாத்தியது

பொன்னுத்துரை: "...காரணமின்றி உலாத்திக்கொண்டிருந்ததாகத் தெரிய வருகிறது." இது வரைக்கும் புரிஞ்சிச்சா?

ஆண்டாயி: மறுபடி படிங்க.

பொன்னுத்துரை: நாலு வாட்டி படிச்சிட்டேன் புள்ள.

ஆண்டாயி: அஞ்சாவது வாட்டி படிங்க. லயத்து வரிசை வீடுங்களுக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்குறவரு, பொண்டாட்டிக்கு வந்த மெமோவ இன்னொரு வாட்டி படிச்சா கொறஞ்சு போயிருவீங்களா?

பொன்னுத்துரை: சரி, சரி... "தொழிலாளி ஆண்டாயி, கணவர் பெயர் பொன்னுத்துரை. தாங்கள் சென்ற வியாழக்கிழமை மாலை ஐந்து இருபது மணியளவில், கொழுந்து நிறுத்து முடிந்த பின்பும் வீடு திரும்பாமல், கையில் நிறைந்த பையுடன் பதினாலாம் நம்பர் மலை ரோட்டில் காரணமின்றி உலாத்திக்கொண்டிருந்ததாகத் தெரிய வருகிறது. பையைத் திறந்து காட்டும்படி வாட்ச்மேன் நாச்சிமுத்து கேட்டும் மறுத்துள்ளீர்கள். பச்சைத் தேயிலைக் கொழுந்து திருடும் நோக்கம் இருந்ததாகச் சந்தேகிக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பாக எழுத்து மூலம் விளக்கம் தரத் தவறினால் வேலை நீக்கம் செய்யப்படுவீர்கள்." போதுமா?

ஆண்டாயி: போதும். வயிறு நெறஞ்சு போச்சு.

பொன்னுத்துரை: கோவப்பட்டு என்னா ஆகப்போகுது? நாளைக்குக் காலையில குடுத்தாகணும்.

ஆண்டாயி: முப்பத்தெட்டு வருஷம்! ஒரு நாள் ஒரு கைப்பிடிக் கொழுந்து மடியில கட்டியிருப்பேனா? கம்பளியோட அட்டைப்பூச்சி வேணா வந்திருக்கும், கொழுந்து வந்திருக்காது. ரிட்டையராக இன்னும் ஏழு மாசம். இப்ப வந்து எனக்குத் திருட்டுப் பட்டமா?

பொன்னுத்துரை: நீக்கிட்டா இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவான். அத நெனச்சுப் பாரு. பையில என்னா இருந்திச்சு, அத மட்டும் சொல்லு. எழுதிட்டு எந்திரிச்சிடலாம்.

ஆண்டாயி: ஸ்வெட்டரு.

பொன்னுத்துரை: என்னாது?

ஆண்டாயி: பழைய ஸ்வெட்டரு. கை கிழிஞ்சது.

பொன்னுத்துரை: அந்தக் குளிருல அதப் போட்டுக்காம பையில எதுக்கு...

ஆண்டாயி: நான் போட்டிருந்தது வேற. இது பைக்கு.

பொன்னுத்துரை: பைக்கா? பைக்குக் குளுருதா?

ஆண்டாயி: சிரிங்க. நல்லாச் சிரிங்க.

பொன்னுத்துரை: இல்ல புள்ள, நெசமாத்தான் கேக்குறேன்.

ஆண்டாயி: வெறும் கைய வீசிட்டு ஒரு பொம்பள இந்த எஸ்டேட்டுல நடக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. கடைசி லயத்துலருந்து முத லயம் வரைக்கும் நடந்தா பதினோரு பேரு கேப்பாங்க, "எங்க போற?"ன்னு. வெறும் பையோட போனா, "எதுக்குப் பை?"ன்னு கேப்பாங்க. பை நெறஞ்சிருந்தாத்தான் ஏதோ வேலையாப் போறாளேன்னு விடுவாங்க. அதான் ஸ்வெட்டர சுருட்டித் திணிச்சு வச்சிருந்தேன்.

பொன்னுத்துரை: அட! அத நாச்சிமுத்துகிட்ட தொறந்து காட்டியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்குமே.

ஆண்டாயி: காட்டி? "பழைய ஸ்வெட்டர எதுக்குத் தூக்கிட்டு சுத்துற?"ன்னு கேப்பான். என்னான்னு சொல்றது?

பொன்னுத்துரை: அதச் சொல்றதுக்கு வெக்கப்பட்டு... திருடின்னு பேரு வாங்கிட்டு வந்து நிக்கிறியா?

ஆண்டாயி: ஆமா.

பொன்னுத்துரை: சரி, எங்கதான் போன?

ஆண்டாயி: உங்களுக்குத் தெரியாதா?

பொன்னுத்துரை: எனக்கு... எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்நேரம் பஸ் ஸ்டாப் கடையில இருப்பேன்.

ஆண்டாயி: எங்கயும் போகல. பதினாலாம் நம்பர் வளைவு வரைக்கும் நடப்பேன். நிப்பேன். திரும்பி வருவேன்.

பொன்னுத்துரை: எதுக்கு?

ஆண்டாயி: எதுக்கும் இல்ல.

பொன்னுத்துரை: இத எப்படி நான் எழுதுறது? அவன் "காரணமின்றி"ன்னு போட்டிருக்கான். நீயும் காரணம் இல்லங்குற. அப்புறம் எதுக்கு விளக்கம்?

ஆண்டாயி: காரணமில்லாம நடக்குறது குத்தமான்னு எழுதுங்க.

பொன்னுத்துரை: மானேஜர் தொரைகிட்ட கேள்வி கேக்க முடியுமா? இரு, நான் ஒண்ணு சொல்றேன். "சர்க்கரை நோய் காரணமாக மருத்துவர் அறிவுரைப்படி நடந்தேன்"னு போடுவோம். ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்.

ஆண்டாயி: எனக்கு ஏது சர்க்கரை? போன மாசம் டிஸ்பென்சரில ரத்தம் குடுத்தேன். ஒண்ணுமில்லன்னு நர்சம்மா சொல்லிச்சே, நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க.

பொன்னுத்துரை: பேப்பருக்குத்தானே...

ஆண்டாயி: நடக்குறதுக்கு எனக்கு ஒரு நோவு வேணுமா? நல்லா இருக்குறவ நடக்கக் கூடாதா?

பொன்னுத்துரை: கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்.

ஆண்டாயி: கேக்கட்டும்! முன்னெல்லாம் வெறகுக்குப் போனோம், தண்ணிக்குப் போனோம். தலையில கட்டோட வந்ததால யாரும் ஒண்ணும் சொல்லல. வெறகு பொறுக்குற சாக்குல ஓடைப் பக்கம் அரைமணி நேரம் உக்காந்து பேசிட்டு வருவோம். இப்ப கேஸ் வந்திச்சு, வாசலுக்குக் கொழாய் வந்திச்சு. நல்லதுதான். ஆனா வெளிய கால வைக்க ஒரு சாக்கு இல்லாமப் போச்சு. மலைக்குப் போனா செடி, வீட்டுக்கு வந்தா அடுப்பு. அவ்வளவுதானா?

பொன்னுத்துரை: சரிம்மா. சர்க்கரை வேணாம். "நடந்து கொண்டிருந்தேன்"னு மட்டும் போடவா?

ஆண்டாயி: வேலைக்குப் போறதும் நடக்குறதுதான். அதுவும் இதுவும் ஒண்ணா?

பொன்னுத்துரை: "சுற்றிக்கொண்டிருந்தேன்"?

ஆண்டாயி: ஊரு சுத்துறவளாம்னு சொல்லுவாங்க.

பொன்னுத்துரை: "திரிந்து"... அது வேணாம்.

ஆண்டாயி: திரியிறது நாயி.

பொன்னுத்துரை: வாக்கிங்?

ஆண்டாயி: வாக்கிங்குக்கு வெள்ள ஷூ வேணும். பங்களாவுல வந்து தங்குறாங்களே, அவங்க போறதுதான் வாக்கிங். கையில குச்சி, கழுத்துல கேமரா. "மாலை உலா"ன்னு கேட்டுல போர்டே மாட்டியிருக்கான். அதே பதினாலாம் நம்பர் ரோடு, அதே அஞ்சரை மணி. அவங்க கையில ஒரு பையும் இல்ல. அவங்ககிட்ட எவனாச்சும் கேட்டானா, என்னா காரணம்னு?

பொன்னுத்துரை: அவங்க காசு குடுத்து வர்றவங்க.

ஆண்டாயி: ரோட்டுக்கா காசு? அந்த ரோடு போடக் கல்லு சொமந்தது எங்கப்பா. பொறந்த எடத்துலருந்து கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்கன்னு இங்க வந்து, மொதல்ல செஞ்ச வேல அதுதான்.

பொன்னுத்துரை: பழங்கதைய எடுக்காத.

ஆண்டாயி: எடுப்பேன். சிலோன்ல இருக்கும்போது எங்கம்மா, லீவு வந்தா "நுவரெலியாவுக்கு உலாத்தப் போவோமா?"ன்னு கேக்கும். நல்ல சட்டையா எடுத்துப் போட்டுவிடும். எனக்குப் பதினோரு வயசு வரைக்கும் உலாத்துறதுன்னா சந்தோஷமான சொல்லு. இங்க வந்துதான் அது வசவாயிருச்சு.

பொன்னுத்துரை: இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லு என்னா பண்ணும்?

ஆண்டாயி: சொல்லு ஒண்ணும் பண்ணல. ஆளப் பாத்துதான் மாறுது. மாரியம்மன் தேருல போனா திருவீதி உலா. கோயமுத்தூர்காரன் கார்ல வந்தா சுற்றுலா. தொரை ஜீப்புல வந்தா ரவுண்ட்ஸ். போன வாரம் நம்ம ஸ்டோர் வாசல்ல கரடி வந்து எண்ணெய் டின்ன நக்கிட்டுப் போச்சே, அதுக்கு என்னா போட்டான் பேப்பருல?

பொன்னுத்துரை: "எஸ்டேட் குடியிருப்பில் உலா வந்த கரடி"...

ஆண்டாயி: பாத்தீங்களா! கரடிக்குக் கூட உலா. எனக்கு மெமோ.

மாலதி: ஏனுங்கக்கா, உள்ள இருக்கறீங்களா? சத்தம் எங்கூடு வரைக்கும் கேக்குதுங்க.

ஆண்டாயி: வா மாலதி. நீயும் கேளு. இவரு எனக்கு சர்க்கரை வியாதி எழுதித் தர்றேங்குறாரு.

மாலதி: அண்ணன் சொல்றதுல தப்பில்லீங்களே. நானா இருந்தா ரெண்டு கைப்பிடி எடுத்தேன்னே ஒத்துக்குவேனுங்க. ஒரு வாரம் சஸ்பெண்டு பண்ணுவாங்கொ, திரும்ப எடுத்துக்குவாங்கொ. எடுக்காதவங்க யாருங்க?

ஆண்டாயி: எடுக்காதவ நானு!

மாலதி: அதில்லீங்கக்கா... திருடுனேன்னா நாலு நாள்ல மறந்து போயிருவாங்க. வெறுமனே உலாத்துனேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னு வைங்க, சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்கொ. அம்பத்தேழு வயசுல இவளுக்கு என்ன உலாத்தல்னு.

ஆண்டாயி: நீயும் சிரிப்பியா?

மாலதி: ...சிரிச்சுட்டேனுங்க. வெள்ளிக்கிழமை. தண்ணி புடிக்கறப்ப.

ஆண்டாயி: பரவால்ல. நெசத்தச் சொன்ன. இந்த லயத்துல அதுக்கே ஆளக் காணோம்.

பொன்னுத்துரை: நீ எதுக்கு வந்த மாலதி, அதச் சொல்லு.

மாலதி: யூனியன் பாண்டியண்ணனப் பாத்தேனுங்க. விளக்கத்த மட்டும் குடுத்தா பத்தாதாம். அக்கா கொழுந்து பறிக்கல, சும்மாதான் நடந்தாங்கன்னு கண்ணால பாத்த ஆளு ஒருத்தரு கீழ சாட்சிக் கையெழுத்துப் போடோணுமாம். அது இருந்தா மெமோ நிக்காதுன்னாரு. இல்லாட்டி கஷ்டம்னு சொல்லிப்போட்டாரு.

பொன்னுத்துரை: சாட்சியா? அந்த நேரத்துக்கு அங்க யாரு இருப்பா?

மாலதி: அதானுங்க. பங்களா கெஸ்டுங்க பாத்திருப்பாங்க, அவங்க ஊருக்குப் போயிருப்பாங்கொ. செரி, அடுப்புல சோறு வச்சிருக்கேன், வர்றேனுங்க. அக்கா, கோவிச்சுக்காதீங்க.

ஆண்டாயி: போயிட்டு வா... என்னா, பேனாவ மூடிட்டீங்க?

பொன்னுத்துரை: சாட்சிக்கு எங்க போறது? அதுக்குத்தான் மொதல்லயே சொன்னேன், சர்க்கரைன்னு போட்டா சாட்சி தேவையில்ல.

ஆண்டாயி: எழுதுங்க. நான் சொல்றேன். "நான் வியாழக்கிழமை மட்டும் அல்ல, ரெண்டு மாசமாகத் தினமும் உலாத்துகிறேன்."

பொன்னுத்துரை: அந்தச் சொல்லேதானா?

ஆண்டாயி: அதேதான். அவங்க எழுதுனதத்தான் எழுதுறேன். "எனக்கு எந்த நோயும் இல்லை. எந்த வேலையும் இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறேன் என்றும் சொல்ல மாட்டேன். சில நாள் முடிக்காமலும் போயிருக்கிறேன்."

பொன்னுத்துரை: அதெல்லாம் தொரைக்கு எதுக்கு?

ஆண்டாயி: எழுதுங்க. "முப்பத்தெட்டு வருஷம் அந்தப் பதினாலாம் நம்பரில் கொழுந்து பறித்தேன். செடியை விட்டுக் கண்ணை எடுத்தால் கங்காணி வைவார். அந்த வளைவில் நின்றால் கீழே அணைத் தண்ணி பச்சையாகத் தெரியும் என்று ரெண்டு மாசம் முந்தித்தான் எனக்குத் தெரியும்."

பொன்னுத்துரை: "...ரெண்டு மாசம் முந்தித்தான்"...

ஆண்டாயி: எழுதிட்டீங்களா?

பொன்னுத்துரை: எழுதிட்டேன். அங்கருந்து அணை தெரியுதா?

ஆண்டாயி: நீங்க பாக்கலியா?

பொன்னுத்துரை: நான் எப்பப் பாத்தேன்? ரிட்டையர் ஆகுற வரைக்கும் ஃபாக்டரி வேல. வெளிய வந்தா இருட்டிரும்.

ஆண்டாயி: ம்... நாச்சிமுத்து பத்து வருஷமா அந்த மொனையில உக்காந்து ஃபோன நோண்டிட்டு இருக்கான். தெனமும் அவன் முன்னாடிதான் போறேன், தலையத் தூக்கிப் பாக்க மாட்டான். வியாழக்கிழமை மட்டும் எப்படி எந்திரிச்சு ரோட்டுக்கு நடுவுல வந்து நின்னான்?

பொன்னுத்துரை: அவன் வேல அது. பாவம், அவன் மேல எதுக்குப் பழி?

ஆண்டாயி: நான் பழி சொல்லலியே. எப்படின்னு கேட்டேன்.

பொன்னுத்துரை: எனக்கென்னா தெரியும்? தொரை சொல்லியிருப்பாரு.

ஆண்டாயி: தொரைக்கு என் பேரே மெமோ அடிக்கும்போதுதான் தெரிஞ்சிருக்கும்.

பொன்னுத்துரை: சரி, அத விடு. முடிக்கிறேன். "இப்படிக்கு, ஆண்டாயி." கைநாட்டு வேணாம், கையெழுத்தே போடு. கீழ, "சாட்சி"... இந்த எடத்த என்னா பண்றது?

ஆண்டாயி: நீங்க போடுங்க.

பொன்னுத்துரை: நானா? நான் பாக்கவே இல்லியே.

ஆண்டாயி: திங்கக்கெழமை சாயந்தரம் எங்க இருந்தீங்க?

பொன்னுத்துரை: கடையில.

ஆண்டாயி: செவ்வாக்கெழமை?

பொன்னுத்துரை: கடையிலதான். சீட்டாட்டம்.

ஆண்டாயி: செவ்வாக்கெழமை கடை லீவு.

பொன்னுத்துரை: கடை வாசல்ல...

ஆண்டாயி: பதிமூணாம் நம்பருல. பெரிய சில்வர் ஓக்கு மரத்துக்குப் பின்னால.

பொன்னுத்துரை: யாரு சொன்னா?

ஆண்டாயி: உங்க இருமல் சொல்லிச்சு. டீத்தூள் மூக்குல ஏறி ஏறி வந்த இருமல். முப்பத்தஞ்சு வருஷமாப் பக்கத்துல படுத்துக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?

பொன்னுத்துரை: நீ திரும்பிக்கூடப் பாக்கலியே...

ஆண்டாயி: பாத்தா நடை கெட்டுப் போயிரும்னு பாக்கல. திங்க, செவ்வா, புதன். மூணு நாள். போகட்டும், மனுசன் மனசுல ஒரு சந்தேகம், பாத்துத் தெளிஞ்சுக்கட்டும்னு இருந்தேன்.

பொன்னுத்துரை: கடையில பேசுனாங்க ஆண்டாயி. "உன் சம்சாரம் மினுக்கிட்டு எங்கயோ உலாத்தப் போகுதே"ன்னு... எனக்கு எப்படி இருக்கும்?

ஆண்டாயி: சரி. வந்து பாத்தீங்க. யாராச்சும் வந்தாங்களா?

பொன்னுத்துரை: இல்ல.

ஆண்டாயி: ஒரு எலையக் கிள்ளுனேனா?

பொன்னுத்துரை: இல்ல.

ஆண்டாயி: தெளிஞ்சிருச்சில்ல? அப்புறம் எதுக்கு வியாழக்கெழமை காலையில நாச்சிமுத்துக்கு டீ வாங்கிக் குடுத்து, "அவள நிறுத்திக் கேளு"ன்னு சொன்னீங்க?

பொன்னுத்துரை: அவன் சொல்லிட்டானா...

ஆண்டாயி: அன்னிக்கே சொல்லிட்டான். "அக்கா, எம்மேல கோவப்படாதீங்க, அண்ணன்தான் மெரட்டி அனுப்பச் சொன்னாரு"ன்னு. அந்த நேரம் பார்த்து ஃபீல்டு ஆபீசர் பைக்குல வந்துட்டாரு. "பையில என்ன?"ன்னு அவரு கேக்க, இவன் பயந்து போயி நோட்டுல திருட்டுன்னு எழுதிட்டான்.

பொன்னுத்துரை: மெமோ வரும்னு நான் நெனைக்கல. சத்தியமா நெனைக்கல. ஒரு அதட்டு அதட்டுனா நீ போறத நிறுத்திருவேன்னு...

ஆண்டாயி: வெள்ளிக்கெழமை மெமோ வந்திச்சு. நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். சனிக்கெழமையும் போச்சு. இன்னிக்கு எனக்கு சர்க்கரை வியாதி எழுத வந்துட்டீங்க. அதான் பேனாவ உங்க கையிலயே குடுத்தேன்.

பொன்னுத்துரை: இத எழுதுனா லயத்துல என் மானம்...

ஆண்டாயி: எனக்குப் போறது வேலையும் வீடும். உங்களுக்கு மானமா? உங்க மானத்த மாலதி நாலு நாள் சிரிச்சு முடிச்சிருவா. எதுக்குச் சொன்னீங்க? நான் ஒண்ணும் பண்ணலன்னு கண்ணால பாத்தப்புறமும், எதுக்கு அவன ஏவி விட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க.

பொன்னுத்துரை: நீ கொழுந்து கிள்ளியிருந்தாலும் எனக்கு வெளங்கியிருக்கும். யார் கூடவாச்சும் பேசிட்டு நின்னிருந்தாலும் சண்ட போட்டிருப்பேன். நீ ஒண்ணுமே பண்ணல. பைய ஆட்டிக்கிட்டு, தலையத் தூக்கிக்கிட்டு, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கிட்டு... இந்த வீட்டுல உன்ன அப்படி நான் பாத்ததே இல்ல ஆண்டாயி.

ஆண்டாயி: அதையும் எழுதுங்க.

பொன்னுத்துரை: தொரைக்கா?

ஆண்டாயி: சாட்சின்னு எடம் விட்டிருக்குல்ல. அங்க எழுதுங்க. எழுதி, சத்தமாப் படிங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும்.

பொன்னுத்துரை: ..."மேற்படி ஆண்டாயியை மூன்று நாட்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தேன். அவர் யாரையும் சந்திக்கவில்லை. எதையும் எடுக்கவில்லை. சந்தோஷமாக உலாத்தினார். அதைப் பொறுக்கமாட்டாமல் வாட்ச்மேனை ஏவிவிட்டது, அவருடைய கணவர் பொன்னுத்துரை ஆகிய நான்."